செயற்கைக்கோள் சொல்லும் கடல் வெப்பம் மிதவையோடு ஒத்துப்போகவில்லையா? அறிகுறி வாரியாகப் பாருங்கள்

மன்னார் வளைகுடாவோ வங்கக்கடலோ, ஏதோ ஓரிடத்தின் கடல்மேற்பரப்பு வெப்பநிலையைச் செயற்கைக்கோள் கோப்பிலிருந்து எடுத்து, கையில் இருக்கும் மிதவை அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அரை டிகிரி, ஒரு டிகிரி, சில நாட்களில் மூன்று டிகிரி கூட இடிக்கிறது என்று தலையைச் சொறிபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுருக்கமாக எஸ்எஸ்டி என்றே சொல்லிக்கொள்வோம்.

இடிக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்வது, மொத்தத்துக்கும் ஒரு சராசரி வித்தியாசம் கண்டுபிடித்து அதை எல்லாப் பிக்சலிலிருந்தும் கழித்துவிடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள், குறைந்தபட்சம் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுங்கள். மேகம் வடிகட்டியில் தப்பினால் அளவு குளிராக வரும், காற்றில்லாத மதியத்தில் சூடாக வரும், கரையோரத்தில் பகலில் ஒரு பக்கமும் இரவில் இன்னொரு பக்கமும் சாயும். இத்தனையையும் கலந்து எடுத்த ஒரே எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, அதைக் கழித்தால் ஒழுங்காக இருந்த பிக்சலும் சேர்ந்து கெடும். பிழை எங்கே, எப்போது, எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

எண்ணே அபத்தமாக வருகிறது

இது கடலின் கோளாறு இல்லை, கோப்பைப் படிக்கும் கோளாறு. ஜிஎச்ஆர்எஸ்எஸ்டி என்ற பன்னாட்டு எஸ்எஸ்டி குழு வகுத்த வடிவக் கோப்புகளில் வெப்பநிலை கெல்வினில், ஒரு முழு எண்ணாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான எல்2பி கோப்புகளில் (செயற்கைக்கோள் பார்த்த பிக்சல் வரிசையிலேயே இருப்பவை) அந்த எண்ணை 0.01 ஆல் பெருக்கி 273.15 கூட்ட வேண்டும். தகவல் இல்லாத பிக்சலில் -32768 என்று இருக்கும். அதையும் சேர்த்துப் பெருக்கிவிட்டால் -54.53 என்று வரும், செல்சியசுக்கு மாற்றினால் -327.68. இது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் பல கருவிகளின் அளவுகளைக் கலந்து, இடைவெளி நிரப்பி, நாள்தோறும் தரும் 'மர்' தொகுப்பில்தான் ஆபத்து: அங்கே பெருக்கும் எண் 0.001, கூட்டும் எண் 298.15, ஆகவே வெற்றுப் பிக்சல் செல்சியசில் -7.77 ஆக மாறும். சராசரி எடுக்கும்போது கரையோரக் கட்டம் ஒன்றில் இப்படி நாலைந்து பிக்சல் கலந்தால், முடிவு 'கொஞ்சம் குளிர்' என்று நம்பும்படியாகவே இருக்கும். நீங்கள் பயன்படுத்தும் நிரல் நூலகம் இந்தப் பெருக்கலைத் தானாகவே செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை என்று இரண்டு தடவை பெருக்கினால் கடல் முழுக்க ஒரே நிறமாகிவிடும்.

அப்புறம் தரக் குறியீடு. ஜிஎச்ஆர்எஸ்எஸ்டி முறையில் 5 என்றால் மிகச் சிறந்தது, 2 என்றால் ஏதோ ஒப்பேற்றலாம், 1 என்றால் மேகம் அல்லது பயனற்றது. நாசாவின் கடல்நிறக் குழு வெளியிடும் மோடிஸ் கருவியின் கோப்புகளில் இது அப்படியே தலைகீழ், அங்கே 0 தான் சிறந்தது. ஒன்றுக்கு எழுதிய நிரலை அப்படியே இன்னொன்றில் ஓட்டினால், நல்ல பிக்சல்களை எல்லாம் வீசிவிட்டு மேகத்தை மட்டும் பொறுக்கி வைத்திருப்பீர்கள்.

தேதி பொருந்தவில்லை

சரியாக 11 வருடம் பின்னால் காட்டுகிறதென்றால், இந்தக் கோப்புகள் நேரத்தை 1981 ஜனவரி 1 முதல் நொடிகளில் எண்ணுகின்றன, நீங்கள் 1970 என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு நாள் மட்டும் இடித்தால் அது உலக நேரப் பிரச்சினை. அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் கருவி நம் தலைக்கு மேல் வருவது உள்ளூர் நேரப்படி பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியும். நம் இரவு ஒன்றரை என்பது உலக நேரத்தில் முந்தைய நாள் இரவு எட்டு மணி. ஆகவே 15-ஆம் தேதி அதிகாலைப் படம் 14-ஆம் தேதிக் கோப்பில் கிடக்கும். மிதவையோடு ஒப்பிடுகிறவர்கள் தேதியை நம்பாமல், பிக்சலுக்குப் பிக்சல் தரப்பட்டிருக்கும் நேர விலகலைக் கோப்பின் அடிப்படை நேரத்தோடு கூட்டி எடுத்துக்கொள்வது நல்லது.

எல்லா இடத்திலும், முக்கியமாக இரவில், சீராக 0.1 முதல் 0.3 வரை குளிர்

இது பிழையே இல்லாமல் இருக்கலாம். அகச்சிவப்புக் கருவி பார்ப்பது கடலின் மேல்தோலை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழம். மைக்ரோவேவ் கருவி பார்ப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மிதந்து திரியும் மிதவை அளப்பது சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்தில், நங்கூரமிட்ட மிதவை பெரும்பாலும் ஒரு மீட்டரில். கடல் மேலே காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பதால் அந்த மேல்தோல் அதை ஒட்டி அடியில் உள்ள நீரைவிட அநேகமாக எப்போதும் சற்றுக் குளிர்ந்திருக்கும். காற்று நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் வீசும்போது இந்த வித்தியாசம் சராசரியாக 0.17 டிகிரி என்று கப்பல்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே முதலில் உங்கள் கோப்பு எந்த ஆழத்து வெப்பநிலையைச் சொல்வதாகச் சொல்லிக்கொள்கிறது என்று பாருங்கள். தோலா, தோலுக்கு அடியா, 20 சென்டிமீட்டரா, அல்லது பகல் சூடு தொடாத அடித்தள வெப்பநிலையா? கோப்பிலேயே சென்சார் சார்ந்த பயாஸ் (அந்தக் கருவியின் வழக்கமான சாய்வு) என்று ஒரு மாறி இருக்கும், எஸ்எஸ்டியிலிருந்து அதைக் கழித்தால் பொதுவாக மிதவைக்கு நெருக்கமான எண் கிடைக்கும். கழிக்க வேண்டும், கூட்டக் கூடாது. மிதவையும் பிழையில்லாதது அல்ல என்பதை மறந்துவிட வேண்டாம், திரியும் மிதவைகளுக்கே 0.2 டிகிரி அளவில் சொந்தப் பிழை உண்டு. அதற்குக் கீழே ஒற்றை ஒப்பீட்டில் சண்டை போடுவதில் பயனில்லை.

மதியப் படம் மட்டும் சூடு, இரவில் சரியாகிவிடுகிறது

மார்ச் முதல் மே வரை நம் கடல்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். வெயில் கொளுத்தும், காற்று இருக்காது, கடல் கண்ணாடி போலக் கிடக்கும். சூடெல்லாம் மேலே ஒரு மெல்லிய அடுக்கிலேயே தங்கிவிடும். செயற்கைக்கோள் அந்த அடுக்கைப் பார்க்கிறது, ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் சென்சாருக்கு அது தெரிவதே இல்லை. இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு நீர். இப்படிப்பட்ட நாட்களில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

சோதனை எளிது. வித்தியாசத்தைக் காற்றின் வேகத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். பெரும்பாலான கோப்புகளில் காற்றின் வேகமும் சேர்ந்தே வரும். 2, 3 மீட்டர் வேகத்தில் விரிந்து 6 மீட்டரைத் தாண்டியதும் வித்தியாசம் சுருங்கிவிட்டால் அது பகல் சூடுதான். அடித்தள வெப்பநிலை வேண்டுமென்றால் இரவுப் படங்களை மட்டும் எடுங்கள், அல்லது பகலில் காற்று பலமாக உள்ள பிக்சல்களை மட்டும் எடுங்கள். பாக் விரிகுடா மாதிரி ஆழமே இல்லாத இடத்தில் இரவிலும் அந்தச் சூடு முழுதாகக் கரைவதில்லை, அங்கே 'அடித்தளம்' என்ற கணக்கே கொஞ்சம் தடுமாறும்.

அங்கங்கே குளிர்ப் புள்ளிகள்

மேகத்தின் ஓரம். வேறு காரணம் தேடுவதற்கு முன் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேகத்தின் உச்சி கடலைவிடக் குளிர், ஆகவே மேகம் தப்பி உள்ளே வந்தால் பிழை எப்போதும் குளிர்ப் பக்கமே விழும். உங்கள் வித்தியாசங்களின் பரவலை வரைந்தால் குளிர்ப் பக்கம் ஒரு நீண்ட வால் தெரியும். அதனால்தான் இந்த வேலையில் சராசரிக்குப் பதில் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பயன்படுத்துகிறார்கள். சராசரிக்கும் இடைநிலைக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் மேகம் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தீர்வு: தரக் குறியீடு 5 மட்டும் வைத்துக்கொண்டு, மேகப் பிக்சலை ஒட்டிய ஓரிரு பிக்சல்களையும் வெட்டுங்கள். பார்வைக் கோணம் 55, 60 டிகிரியைத் தாண்டும் விளிம்புகளையும் விட்டுவிடலாம், அங்கே வளிமண்டலத்தை ஊடுருவும் தூரம் நீள்கிறது, பிக்சலும் பெரிதாகி மேகத் துணுக்குகளை விழுங்கிவிடுகிறது. இரவில் பகலைவிட மேகம் தப்புவது அதிகம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளி அலைவரிசையின் உதவி இல்லை.

உண்மையான குளிர்நீர் படத்தில் இல்லவே இல்லை

முந்தையதற்கு நேர் எதிரான கோளாறு, என் கணக்கில் நம் கடல்களில் மிக மோசமானது இதுதான், ஏனென்றால் இது கண்ணுக்கே தெரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கேரளக் கரையிலும் கன்னியாகுமரி முனையிலும் இலங்கையின் தெற்கிலும் அடிநீர் மேலேறும். சுற்றிலும் உள்ள நீரைவிடத் தெளிவாகக் குளிர்ந்த பட்டை ஒன்று உருவாகும், மீன்வளம் அங்கேதான். ஆனால் படத்தில் சரியாக அந்த இடத்தில் வெற்றிடம்.

ஏன் இப்படி? மேக வடிகட்டிகள் பலவும் பிக்சலை ஒரு எதிர்பார்ப்பு வெப்பநிலையோடு ஒப்பிடுகின்றன. எதிர்பார்ப்பு நேற்றைய தொகுப்பிலிருந்தோ நீண்டகாலச் சராசரியிலிருந்தோ வரும். அதைவிடக் குறிப்பிட்ட அளவு குளிராக இருந்தால், 'இது மேகமாகத்தான் இருக்கும்' என்று தூக்கி எறிந்துவிடும். இன்னொரு சோதனை பக்கத்துப் பிக்சல்களோடு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும், குளிர்நீர் எல்லைக்கோட்டில் மாற்றம் கூர்மையாக இருப்பதால் அதுவும் மேகம் என்றே தீர்ப்பு சொல்லும். இன்று எறியப்பட்ட குளிர்நீர் இன்றைய தொகுப்பில் சேராது, தொகுப்பு சூடாகவே நிற்கும், நாளைக்கு அந்தச் சூடான தொகுப்போடு ஒப்பிட்டு மறுபடியும் எறியும். அடிநீர் ஏற்றம் வாரக்கணக்கில் நீடித்தாலும் கோப்பில் அது பிறக்கவே இல்லாதது போல ஆகிவிடும்.

கண்டுபிடிக்க, எஸ்எஸ்டி கோப்பை மூடிவிட்டு 11 மைக்ரான் அலைவரிசையின் ஒளிர்வு வெப்பநிலைப் படத்தை (வளிமண்டலத் திருத்தமும் மேக வடிகட்டலும் இல்லாமல் கருவி நேராகப் பார்த்தது) திறந்து பாருங்கள். மேகம் நகரும், குளிர்நீர் நகராது, அதாவது மணிக்கணக்கில் நகராது. இன்சாட்-3டிஆர் மாதிரி ஒரே இடத்துக்கு மேலேயே நின்று அரை மணிக்கு ஒரு படம் தரும் புவிநிலைச் செயற்கைக்கோளின் படங்களை வரிசையாக ஓட்டினால் எது எது என்று சட்டென்று புரிந்துவிடும். பகல் படமென்றால் கண்ணுக்குத் தெரியும் அலைவரிசையில் கடல் கறுப்பாக இருக்கிறதா பாருங்கள். கறுப்பாக இருந்தும் மேகம் என்று குறித்திருந்தால் வடிகட்டி பொய் சொல்கிறது. பச்சையம் காட்டும் கடல்நிறப் படத்தில் அதே வடிவம் பச்சையாகத் தெரிந்தால் இன்னும் உறுதி.

உறுதியானதும், அந்தக் கட்டத்துக்கு மட்டும், அந்த மாதங்களுக்கு மட்டும், தரக் குறியீடு 3, 4 பிக்சல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்துக்கும் தளர்த்தினால் நிஜ மேகம் உள்ளே வரும். அப்படிக் கிடைத்த எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். 11, 12 மைக்ரான் இரண்டையும் வைத்து வளிமண்டல ஈரத்தைத் திருத்தும் வழக்கமான சூத்திரத்துக்கு, ஈரம் நிறைந்த வெப்பமண்டலக் காற்றில் ஒரு பலவீனம் உண்டு: கடல் நிஜமாக ஒரு டிகிரி குளிர்ந்தால் சூத்திரம் ஒரு டிகிரிக்குக் குறைவாகத்தான் காட்டும். ஆகவே குளிர்நீரின் நடுப்பகுதி நிஜத்தில் நீங்கள் பார்ப்பதைவிடக் குளிர்ந்தே இருக்கும். இரவில் 3.7 மைக்ரான் அலைவரிசையும் சேர்ந்த கணக்கு இந்த விஷயத்தில் மேல், அந்த அலைவரிசையை ஈரம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பகலில் சூரிய ஒளி அதில் கலந்துவிடுவதால் பயன்படாது.

பெரிய பரப்பு முழுக்க மெல்லிய குளிர், மேகமும் இல்லை

தூசி. ஜூன், ஜூலையில் அரேபியப் பாலைவனத் தூசி அரபிக்கடல் மேல் பரவும்போது பார்க்கலாம், அட்லாண்டிக்கில் சஹாரா தூசியால் இதே கதை. எரிமலை என்றால் இன்னும் பெரிது. 1991 ஜூனில் பினாட்டுபோ வெடித்த பிறகு மேல்வளிமண்டலத்தில் தங்கிய துகள்கள், அன்றைய ஏவிஎச்ஆர்ஆர் அகச்சிவப்புக் கருவிகளின் அளவுகளை வெப்பமண்டலம் முழுக்கக் குளிர்ப் பக்கம் இழுத்துவிட்டன. மிதவை, கப்பல் அளவுகள் இல்லாமலிருந்தால் கடலே குளிர்ந்துவிட்டது என்று நம்பியிருப்பார்கள்.

எப்படி உறுதிசெய்வது? அதே நாள் மைக்ரோவேவ் எஸ்எஸ்டியை எடுத்து அகச்சிவப்பிலிருந்து கழித்து வரைபடம் போடுங்கள். மைக்ரோவேவுக்குத் தூசி தெரியாது. வித்தியாசத்தின் வடிவம் தூசிப் படலத்தின் வடிவத்தோடு பொருந்தினால் முடிந்தது. சென்டினல்-3 இல் உள்ள எஸ்எல்எஸ்டிஆர் கருவி ஒரே இடத்தை நேராக ஒரு முறையும் சாய்வாக ஒரு முறையும் பார்ப்பதால் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட நம்பகம், ஆனால் இரட்டைப் பார்வை கிடைக்கும் பட்டை அகலம் குறைவு. வட இந்தியாவிலிருந்து குளிர்காலத்தில் வங்கக்கடல் மேல் வரும் புகைமூட்டத்தை இதோடு குழப்ப வேண்டாம், அந்த நுண்துகள்கள் பருத்த தூசி அளவுக்கு வெப்ப அகச்சிவப்பைத் தொந்தரவு செய்வதில்லை.

கரையோரம் மட்டும் தப்பு

பகலில் சூடு, இரவில் குளிர் என்று திரும்பினால், அகச்சிவப்புப் பிக்சலில் தரை கலந்திருக்கிறது. கரையிலிருந்து ஓரிரு பிக்சல் தள்ளி எடுங்கள். எந்நேரமும் சூடாகவே இருந்தால் அது மைக்ரோவேவ், தரை கடலைவிட மைக்ரோவேவை அதிகம் உமிழ்வதால் பக்கவாட்டுக் கசிவாகவே உள்ளே வந்துவிடும். ஏஎம்எஸ்ஆர்-2 கருவியின் 6.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தரையில் விழும் தடம் 35-க்கு 62 கிலோமீட்டர், கரையிலிருந்து அதைப் போல இரண்டு பங்கு தூரம் வரை சந்தேகம்தான். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாவின் வடபகுதி ஆகியவற்றுக்கு மைக்ரோவேவை மறந்துவிடலாம், இரண்டு பக்கமும் கரை. அங்கே எஸ்எஸ்டி வேண்டுமென்றால் அகச்சிவப்புதான், மேகம் விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கோடு கோடாக வருகிறது

விர்ஸ் படத்தின் ஓரங்களில் கறுப்புக் கோடுகள் என்றால் அது பழுதல்ல. ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும் வரிகளைக் கருவியே அனுப்பாமல் விட்டுவிடுகிறது, கட்டத்தில் மறுபடி அமைத்தால் மறைந்துவிடும். மோடிஸில் பத்துப் பத்து வரிக்கு ஒரு கீற்று என்றால், அதன் பத்து உணரிகளுக்கும் இடையே உள்ள சின்ன வேறுபாடு. சராசரி எடுப்பவர்களுக்குப் பாதிப்பில்லை, சூடான நீரும் குளிர்நீரும் சந்திக்கும் எல்லைக்கோடுகளைத் தேடுபவர்களுக்கு மட்டும் தலைவலி.

புவிநிலைச் செயற்கைக்கோளில் நள்ளிரவை ஒட்டி மட்டும் அளவு குதித்தால், சூரியன் கருவியின் வாய்க்குள் எட்டிப்பார்த்து அதன் அளவுத்திருத்தத்தைக் கலைத்திருக்கலாம். அந்த மணிநேரத்தை விட்டுவிடுங்கள்.

புயல் போனது, படத்தில் கடல் குளிரவே இல்லை

புயல் நீரைக் கலக்கிவிட்டுப் போவதால் அதன் பாதையில் குளிர்ந்த தடம் இருக்க வேண்டும். மேகம் மூடியிருக்கும் நாட்களில் அகச்சிவப்புக்கு ஒன்றும் தெரியாது, மழையில் மைக்ரோவேவுக்கும் தெரியாது. இடைவெளி நிரப்பிய தினசரித் தொகுப்பு அந்த இடத்தில் பழைய அளவையே நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கும். மர் தொகுப்பின் கட்டம் ஒரு கிலோமீட்டர் என்பதால் தகவலும் ஒரு கிலோமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், மேகத்துக்கு அடியில் அது மைக்ரோவேவின் பருத்த தகவலை மழமழவென்று பரப்பியது, அதுவும் கிடைக்காத நாளில் வெறும் ஊகம். கூடவே வரும் பிழை மதிப்பீட்டு மாறியைப் பாருங்கள். மழை நின்றதும் வரும் முதல் மைக்ரோவேவ் படத்தை நேரடியாக எடுத்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வடக்கு வங்கக்கடலில் பருவமழைக்குப் பிறகு ஆற்று நீர் மேலே நன்னீர்ப் படலமாகக் கிடப்பதால் புயல் அடித்தும் கடல் அதிகம் குளிராமல் போவது நிஜமாகவே நடக்கும். குளிரவில்லை என்றாலே தொகுப்பைக் குறை சொல்லிவிட முடியாது.

பவளத்துக்கான வெப்ப அழுத்தக் கணக்கு எகிறுகிறது

2010, 2016 போன்ற வருடங்களில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்த பிறகு இந்தக் கணக்கைப் போடுபவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த இடத்தின் மிக வெப்பமான மாதச் சராசரியை ஒரு டிகிரியோ அதற்கு மேலோ தாண்டிய வாரங்களில், எத்தனை டிகிரி தாண்டியது என்பதை 12 வாரச் சாளரத்தில் கூட்டுவது முறை. 4 டிகிரி-வாரம் என்றால் வெளுக்கத் தொடங்கும், 8 என்றால் சாவு. கூட்டுத்தொகை என்பதால் 0.3 டிகிரி சாய்வு கூட வாரக்கணக்கில் சேர்ந்து ஊதிவிடும். அமெரிக்கக் கடல், வளிமண்டல முகமையான நோவாவின் பவளக் கண்காணிப்புத் தொகுப்பு இரவு அளவுகளை வைத்து உருவானது. அதன் மாதச் சராசரியை எடுத்துக்கொண்டு, பகல் படங்களிலிருந்தோ பவளத்தில் கட்டிவைத்த லாகர் (வெப்பநிலை பதியும் கருவி) அளவிலிருந்தோ அதைக் கழித்தால் வருவது குப்பை. ஒப்பிடும் அடிப்படைச் சராசரியும் புது அளவும் ஒரே தொகுப்பிலிருந்து வர வேண்டும். அப்படி வந்தால் நிலையான சாய்வு தானாகவே அடிபட்டுப் போகும், மிதவையோடு பொருந்தாவிட்டாலும் கவலையில்லை.

நீண்ட தொடரில் திடீரென்று ஒரு படி

படி விழுந்த தேதியை எடுத்துக்கொண்டு செயற்கைக்கோள்களின் பிறப்பு இறப்புப் பட்டியலைப் பாருங்கள். மைக்ரோவேவ் கருவியான ஏஎம்எஸ்ஆர்-இ 2011 அக்டோபரில் நின்றது, அடுத்தது ஏஎம்எஸ்ஆர்-2 ஏவப்பட்டது 2012 மே. நடுவில் வேறு கருவிகளை வைத்து ஒட்டுப்போட்டிருப்பார்கள். 2015-இல் மைக்ரோவேவ் கருவி வைத்திருந்த டிஆர்எம்எம் செயற்கைக்கோள் முடிந்தது. படியாக இல்லாமல் மெல்லச் சாய்ந்தால் சுற்றுப்பாதை நகர்வைச் சந்தேகியுங்கள்: பழைய நோவா செயற்கைக்கோள்கள் கடக்கும் நேரம் வருடத்துக்கு வருடம் தள்ளிப்போனது, மோடிஸ் கருவியைச் சுமக்கும் டெர்ராவும் அக்வாவும் எரிபொருள் குறைந்து இப்போது அப்படித்தான் நகர்கின்றன. கடக்கும் நேரம் தள்ளினால் பகல் சூட்டின் வேறொரு கட்டத்தை அளக்கிறீர்கள், அது பருவநிலை மாற்றம் மாதிரியே வேஷம் போடும்.

இதைச் சரிபார்க்க மிதவைகளோடு ஒப்பிடும்போது, அந்தத் தொகுப்பின் சூத்திரத்தில் உள்ள கெழுக்களே (பெருக்கும் எண்கள்) அதே மிதவைகளை வைத்துத்தான் பொருத்தப்பட்டனவா என்று கேளுங்கள். நோவாவின் ஏசிஎஸ்பிஓ தொகுப்பு அப்படிப்பட்டது, பொருந்தித்தான் ஆகும், அதனால் அது எதையும் நிரூபிக்காது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் பருவநிலைத் திட்டத் தொகுப்பு பெரும்பாலும் மிதவை, கப்பல் அளவுகளைச் சாராமல் இயற்பியலை வைத்து உருவாக்கப்பட்டது, நீண்டகாலப் போக்கைப் பார்க்க அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சரிபார்ப்புக்கு, ஆழத்துக்கு இறங்கி ஏறி அளக்கும் ஆர்கோ மிதவைகளின் மேல் சில மீட்டர் அளவுகளை, இரவும் நல்ல காற்றும் உள்ள நேரங்களில் மட்டும், தனியாக எடுத்துப் பாருங்கள்.